கையிற் காசு வேண்டாம்; சீட்டு வேண்டும்



கவலையீனமாக வாகனம் ஓட்டுபவருக்கு வீதியிலேயே தண்டம் விதிக்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு அளிக்கலாமா என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். அளிக்கலாம் என்பதே என் கட்சி. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு.

2021 மார்ச் 20ஆந் திகதியை இவ்வூரில் மறந்தவர் யார்? லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டையிற் பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பாறை விழுந்து ஒடுங்கிக் கிடந்த இடம் அது. பழியை ஒருவர் தலையிற் சுமத்த நான் எழவில்லை. ஆனால், அத்தகைய பாதையில் வளைவிலே முந்துகிறவர்களை நாள்தோறும் காண்கிறோம். விபத்துக்குப் பின் கூடும் நீதிமன்றம் போன உயிரைத் தருவதில்லை. முன்னரே தடுக்கும் கை வீதியில் வேண்டும்.

இங்கிலாந்தில் 2013 ஆகஸ்டு 16 முதல் பொலிஸாருக்கு இவ்வதிகாரம் உண்டு. சிறு கவலையீனத்துக்கு 100 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 3 குற்றப்புள்ளிகளும் விதிக்கப்பட்டன. ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம்.

நம் நாட்டிலும் வீதித் தண்டம் புதிதன்று. பொலிஸார் சீட்டெழுதி, அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொள்வர். சாரதி 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் பணங் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அதை மீட்பார். 2025இல் கைத்தொலைபேசி வழியாகக் கட்டும் முறையும் தொடங்கிற்று. இதன் நன்மை யாது? தண்டிப்பவர் கையிற் காசு படுவதில்லை. இதுவே என் நிபந்தனையும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். சென்ற வருடம் நண்பனின் மோட்டார்ச் சைக்கிளில் நான் பின்னாலிருந்தேன். வளைவிலே லொறியை முந்தினோம், மறிக்கப்பட்டோம். எவரும் எதுவுங் கேட்கவில்லை. "நோட்டை நீட்டடா" என்று நண்பன் காதிற் சொன்னவன் நானே! அந்த அதிகாரி நோட்டைத் தொடவில்லை. சீட்டை எழுதித் தந்தார். அன்று அவர்மேற் கோபங் கொண்டேன். இன்று அவ்வளைவு வந்ததும் நண்பனின் வேகம் தானாகத் தணிகிறது.

இளைஞர்களே, இலஞ்சம் வாங்கும் கையை மட்டும் ஏசுகிறோம். கொடுக்கும் கை நம்முடையதன்றோ? அன்று அந்த நோட்டு கைமாறியிருந்தால் நாங்கள் என்ன கற்றிருப்போம்? தவறு செய்தால் சீட்டைக் கேட்டு வாங்குவோம். செய்யாவிடின் நீதிமன்றத்தில் வழக்காடுவோம். பெரியோர்களே, "கெதியாய்ப் போ தம்பி" என்று சாரதியை நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள்.