சட்டியில் போடும் முன் மூன்று கேள்வி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாம் கூடினால் சேமிப்பு, கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசப் போகிறோம். சந்தையில் வாங்குகிற மீன் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆம்பிளைகளும் பொழுதுபோக்காக ஜெட்டியில் உட்கார்ந்து தூண்டில் போட்டுப் பிடித்து வருகிற மீன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் நம் மாநிலத்தில் 61 நாள். பள்ளிக்கூட விடுமுறையும் அதே சமயத்தில்தான் வருகிறது. ராமேஸ்வரம், பாம்பன், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று எங்கே போனாலும் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். துறையும் அமைதியாக இருக்கும். கையில் தங்கூசி நரம்பும் முள்ளும் இரையும் இருந்தால் போதும். வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். நல்ல பொழுதுபோக்குதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் பிடிக்கிறவர் பையை அடுப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கழுவுவது, ஆய்வது, ஆக்குவது எல்லாம் நாம். யாருக்காவது வயிற்றுக்குச் சேராமல் போனால் பழியும் நமக்குத்தான். அதனால் சட்டிக்குள் எது போகலாம் என்று சொல்கிற உரிமையும் நமக்குத்தான் வேண்டும். ஆய உட்காரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: எங்கே பிடிச்சது? படகு கட்டும் மூலையில் கழிவு எண்ணெய் மிதக்கும், சாக்கடை வந்து சேரும் இடமும் இருக்கும். அங்கே பிடித்த மீனில் டீசல் வாடை அடித்தால், மஞ்சளும் புளியும் போட்டு எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஜெட்டித் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பி, மட்டியைப் பிள்ளைகள் சுரண்டிக் கொண்டு வருவார்கள். அவை தண்ணீரை வடிகட்டித்தான் உயிர் வாழ்கின்றன. தண்ணீரில் உள்ள அழுக்கு அவற்றின் உடம்பில் சேர்ந்துவிடும். துறைக்குள் எடுத்த சிப்பி வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: என்ன மீன்? கிழங்கான், ஊடகம், காரல், மடவை, பாறை என்றால் பயமில்லை. ஓரா, கெளுத்தி என்றால் முள் குத்தாமல் கவனம் வேண்டும். கத்தரிக்கோலால் முதலில் முள்ளை வெட்டி எடுத்துவிட்டு ஆயுங்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காயத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், கடுப்பு குறையும். வீக்கம் கூடினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பேத்தை மீன் என்றால் ஒரே பதில்தான்: கூடாது. கையில் எடுத்தால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும். கிளி மூக்கு போல் பல் இருக்கும், தூண்டில் நரம்பையே கடித்து அறுக்கும். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைத் தெரியும். விருந்துக்கு வந்த பிள்ளைக்குத் தெரியாது. அதன் ஈரல், சினை, தோலில் கொடிய விஷம் உண்டு. மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் கருவாடு போட்டாலும் அது போகாது. சாப்பிட்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப் போகும். பிறகு கை கால் விழுந்து, மூச்சும் நின்றுவிடலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் செயற்கை மூச்சு கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. புளித்தண்ணீர், மோர் என்று வீட்டில் நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: எப்போ பிடிச்சது? காலை ஆறு மணிக்குப் பிடித்த மீன் பிளாஸ்டிக் பையில் பதினோரு மணி வரை வெயிலில் கிடந்தால் என்ன ஆகும்? கும்புளா (கானாங்கெளுத்தி), சாளை, சூரை போன்ற மீன்களில் சூடு பட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். பார்க்க நல்ல மீனாகவே தெரியும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டதும் முகம் சிவக்கும், அரிக்கும், தலைவலி வரும், நெஞ்சு படபடக்கும். ஐஸ் ஒன்றுதான் வழி. தூண்டிலோடு ஒரு பழைய தெர்மகோல் பெட்டியும் கொஞ்சம் ஐஸும் கொடுத்து அனுப்புங்கள். பெட்டி இல்லாமல் போகக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்.

மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் சந்தோஷமாகச் சமைக்கலாம். தூண்டில் மீன் நாலு காரல், ரெண்டு ஊடகம், ஒரு பாறை என்று கலந்துதான் வரும். வகைக்கு ஒரு சமையல் வேண்டாம். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, புளிக்கரைசலும் மசாலாவும் ஊற்றி, பச்சை வாடை போகக் கொதிக்க விடுங்கள். சதைப்பிடிப்பான பாறையை முதலில் போடுங்கள், மெல்லிய காரலைக் கடைசியில் போடுங்கள். அப்புறம் கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றிவிட்டால் மீன் உடையாது. கிழங்கான் கிடைத்தால் சதை மென்மையானது, முள் எடுத்துச் சின்னப் பிள்ளைக்கு ஊட்டலாம்.

கடைசியாக ஒன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நாம் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதை விடுங்கள். பரிமாறும் முன்பே நமக்கு ஒரு துண்டு தனியாக எடுத்து வையுங்கள். இரத்தசோகை நம்மில்தான் அதிகம், சத்தும் நமக்கு வேண்டும்.

இந்த மூன்று கேள்வியையும் அடுத்த குழுக் கூட்டத்தில் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். பேத்தை மீனை எப்படி அடையாளம் காண்பது என்று கடலோரத்து அக்காக்கள் மற்றவர்களுக்குச் சொல்லித் தரவேண்டும். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்தது விருந்தாளிப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.