ஒரே பள்ளிக்கு இருமுறை வரி

 

கறுப்பின மாணவரின் கல்வியுரிமைக்காகப் பல குமுகாயங்கள் கூடி உழைத்த வரலாற்றைப் பேசுமாறு பணித்தீர்கள். விரிந்த பொருள். ஆகையால் ஒரேயொரு முயற்சியை எடுத்துக்கொண்டு, அதன் வரவுசெலவுக் கணக்கை உங்கள்முன் வைக்க விழைகின்றேன். கணக்கென்றதும் அயர்ந்துவிட வேண்டா.

அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்று அலபாமா. அங்கு 1832இல் ஒரு சட்டம் இயற்றினர். அடிமைக்கேனும், அடிமையல்லாக் கறுப்பருக்கேனும் எழுதப் படிக்கக் கற்பிப்பவர் 250 முதல் 500 தாலர் வரை தண்டம் இறுக்க வேண்டும் என்பது அச்சட்டம். மாந்தனுக்கு எழுத்தறிவித்தல் குற்றமாம்! 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்தும் என்? 1901இல் அம்மாநிலம் வகுத்துக்கொண்ட அரசியல் சட்டம் கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்கில்லாதவனை எந்தக் கல்விக்குழு மதிக்கும்? கறுப்பரும் வரி செலுத்தினர்; அவ் வரிப்பணத்தின் பெரும்பகுதியோ வெள்ளையர் பள்ளிகளுக்கே சென்றது. கறுப்பர்தம் பிள்ளைகட்கு எஞ்சியவை ஒழுகுங் கூரையும், பிறர் படித்துக் கிழித்த பொத்தகங்களும், பருத்தி பறிக்குங் காலத்தில் மூடப்பெறும் பள்ளியுமே.

இந்நிலையில்தான் இருவர் கைகோத்தனர். ஒருவர் புக்கர் வாசிங்டன். அடிமையாய்ப் பிறந்து, அலபாமாவின் தசுக்கீகியில் பெரியதொரு கல்விநிலையத்தை வளர்த்தவர். மற்றவர் சூலியசு உரோசன்வால்டு; செருமனியினின்று குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்த சிக்காகோப் பெருவணிகர். 1912இல், தம் ஐம்பதாம் அகவை நிறைவில், தசுக்கீகிக்கு அவர் 25,000 தாலர் வழங்கினார். அதில் ஒரு பகுதியைக்கொண்டு சிற்றூர்களில் பள்ளி கட்டிப் பார்க்கலாமென்றார் வாசிங்டன். உலோச்சப்போக்கா என்னும் சிற்றூரில் 1913இல் முதற்பள்ளி எழுந்தது. வாசிங்டன் 1915இல் மறைந்தபின்னும் பணி நிற்கவில்லை.

கொடையாளர் ஒரு வரையறை விதித்திருந்தார். முழுச் செலவையும் தாம் ஏற்பதில்லை. ஊரார் தம் பங்கைத் திரட்டவேண்டும், அரசும் தன் பங்கைத் தரவேண்டும். கையில் காசற்ற குத்தகை உழவர் எங்ஙனம் திரட்டுவர்? திரட்டினார்கள், அன்பர்களே! வயலில் ஒரு துண்டை ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியைப் பள்ளிக்கென்றே விற்றனர். அத் துண்டுக்கு 'உரோசன்வால்டுப் பாத்தி' என்றே பெயர். பெண்டிர் உணவு சமைத்து, அதனைக் கோயில் முற்றத்தில் விற்றுக் காசு சேர்த்தனர். கோழி கொடுத்தார் சிலர். மரம் வெட்டிக் கொடுத்தார் சிலர். ஒன்றுமில்லாதார் தச்சுவேலைக்குத் தோள் கொடுத்தனர். அலபாமாவில் நடந்த ஒரு கூட்டத்தில், அடிமைக் காலத்தைக் கண்ணாற் கண்ட முதியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் சேர்த்ததை ஓர் அழுக்குப் பையினின்று பலகைமேற் கொட்டிவிட்டுப் போனாராம். அவருக்கு எழுத்தறிவிப்பது குற்றமாயிருந்த மண் அது.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு சொல். முதற்படங்களை வரைந்தவர் தசுக்கீகியில் பணியாற்றிய கறுப்பினக் கட்டடக் கலைஞர் இராபர்ட்டு தெய்லர். சிற்றூர்களில் மின்விளக்கு இல்லையாதலால், கிழக்கும் மேற்கும் நோக்கிய உயர்ந்த பலகணிகளை வரிசையாக வைத்தனர். பிள்ளைகளின் பொத்தகத்தின்மேல் நாள்முழுதும் வெயிலொளி விழும். ஏழைக்குக் கட்டுவது எப்படியிருந்தாலென்ன என்று எண்ணாத கைகள் அவை.

இனிக் கணக்கிற்கு வருவோம். 1932இல் இம்முயற்சி முடிவுற்றபோது, 15 மாநிலங்களில் எழுந்திருந்த பள்ளிகள் 4,977. ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் சேர்த்துக் கட்டடங்கள் 5,357. மொத்தச் செலவு 2 கோடியே 84 இலக்கம் தாலர். அதில் உரோசன்வால்டு நிதியம் தந்தது 43 இலக்கத்து 64 ஆயிரம். வெள்ளையர் சிலரும் ஏறத்தாழ 12 இலக்கம் தந்தனர். அதை மறைத்தல் நன்றன்று. கறுப்பின மக்கள் தந்ததோ 47 இலக்கத்து 25 ஆயிரம்! பள்ளிகள் யார் பெயரால் வழங்கப்பெறுகின்றனவோ, அவர் தந்ததைவிட மிகுதியாக, பருத்திக் காட்டில் முதுகொடிந்தவர்கள் தந்திருக்கின்றனர். எஞ்சிய 1 கோடியே 81 இலக்கம் பொதுவரிப் பணம். அவ்வரியிலும் அவர்கள் பங்குண்டு. ஆக, ஒரே பள்ளிக்கு இருமுறை வரியிறுத்த மக்கள் அவர்கள்.

இன்னொன்று. கட்டிய பள்ளியையும் நிலத்தையும் பொதுக் கல்விக்குழுவின் பெயருக்கு எழுதித்தரவேண்டும் என்பதும் ஏற்பாடு. பள்ளியைப் பேணும் கடமையை அரசு தட்டிக்கழித்துவிடக் கூடாதென்பது நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் அக் குழுக்களில் இருந்தவர் வெள்ளையர். வியர்வையிற் பிறந்த உடைமையை, தம்மை மதியாதார் கையில் ஒப்படைத்துவிட்டு மக்கள் காத்திருந்தனர்.

'பிரித்துவைத்த பள்ளிமுறையை இம்முயற்சி தொடவில்லையே, இது விடுதலையா?' என்று கேட்பாருண்டு. கேள்வி முறையானதே. எனினும் அவ்வாண்டுகளில் பிறந்துவிட்ட குழந்தை, நாடு திருந்தும்வரை எழுத்தின்றிக் காத்திருத்தல் இயலுமா? 1928இல் தென்னகச் சிற்றூர்களின் கறுப்பர் பள்ளிகளில் ஐந்தில் ஒன்று இவ்வகைப் பள்ளி. இரண்டினத்துப் பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த கல்வியாண்டு வேறுபாட்டை இப்பள்ளிகள் பெரிதுங் குறைத்தன என்று 2011இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று காட்டியது. பின்னாளில் குடியுரிமைப் போரின் முன்னணியில் நின்ற சான் உலூயிசு அலபாமாவில் இத்தகைய பள்ளியில் படித்தவரே.

1954இல் அமெரிக்க உயர்முறைமன்றம் இனவாரிப் பள்ளிப்பிரிவினை செல்லாதென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வந்தபோது மூடப்பெற்றவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகளே. வேலையிழந்தவர் கறுப்பின ஆசிரியரே. கட்டடங்கள் பாழடைந்தன, பல விற்கப்பெற்றன. 2002இல் அந்நாட்டு மரபுச்சின்னக் காப்பு அறநிலையம், அழியும் நிலையிலுள்ள இடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. ஏறத்தாழப் பத்தில் ஒன்றே எஞ்சியுள்ளது. எஞ்சியவற்றுட் சிலவற்றை முன்னாள் மாணவரும் கோயில் மன்றத்தாரும் மீட்டு, கூரை மாற்றி, பலகணிகளைச் செப்பஞ் செய்து வருகின்றனர். அச்செலவுக்கும் ஊரார் மீண்டும் காசு திரட்டுகின்றனர்.