அப்பா என்ன பண்றார்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நேர்முகத் தேர்வில் நடந்துகொள்வது எப்படி" என்று தலைப்பும் பத்து நிமிடமும் கொடுத்திருக்கிறார் நம் செயலாளர். அவர் மணியடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், உட்காரச் சொன்ன பிறகு உட்கார வேண்டும், சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி வைக்க வேண்டும், வெளியூர் என்றால் முதல் நாளே போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்து தோற்றவன் நான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1979ஆம் வருஷம். பி.காம். முடித்த கையோடு சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகம். பேர் வேண்டாம். புது மண்டபத்தில் கல் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிய காலம் அது. அங்கே ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கீழமாரட் வீதி வெங்காயக் கடையில் மூட்டை தூக்கும் வேலை. முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட, வேலை முடிந்த கோலத்திலேயே ஜங்ஷனுக்கு வந்துவிட்டார். துண்டெல்லாம் வெங்காயச் சருகு. பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று, வண்டி கிளம்புவதற்கு முன்பே, "நேரமாச்சு, நீங்க கிளம்புங்கப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

உள்ளே மூன்று பேர். பாடக் கேள்விகள் நன்றாகவே போயின. பிறகு நடுவில் இருந்தவர் கேட்டார்: "ஃபாதர் என்ன பண்றார்?"

"பிசினஸ் சார். ஆனியன் ஹோல்சேல்."

அவர் சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பி.காம். பையன், வியாபாரக் குடும்பம், விடுவாரா? சரக்கைக் கடனுக்குக் கொடுப்பீர்களா, பணம் எத்தனை நாளில் திரும்பும், அழுகிப்போன மூட்டையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி கேட்டிருப்பார். லீவு நாட்களில் நானும் அந்தக் கடையில் நின்றவன். லாரியிலிருந்து தராசுக்கு வருவதற்குள் எடை எப்படிக் குறைகிறது, மழையில் நனைந்த மூட்டையை எப்படித் தனியாகப் பிரிக்கிறார்கள், கூலியை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று அரை மணி நேரம் பேசியிருப்பேன். தெரிந்ததை ஒளித்துவிட்டு, தெரியாததில் போய் மாட்டிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா, "என்னப்பா கேட்டாங்க?" என்றார். "பொதுவாத்தான் கேட்டாங்க" என்றேன். வேலை வரவில்லை. முன்பணம் மூன்று மாதக் கூலியில் கழிந்தது. 1994இல் அவர் காலமாகும்வரை நான் இதைச் சொல்லவேயில்லை.

பிறகு வேறிடத்தில் வேலை கிடைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் வாய்ப்பும் பதினோரு வருஷம் அமைந்தது. வாடிப்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டான். "சார், தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டான். சொன்னான். அவ்வளவு தெளிவு! அடுத்த கேள்விக்கு, "இது எனக்குத் தெரியலை சார்" என்றான், முழிக்காமல். அன்று அவனுக்குத்தான் அதிக மார்க். தமிழ் என்றால் மட்டம் என்று நினைக்கிற தம்பிகளே, ஐ.ஏ.எஸ். தேர்வில்கூட மெயின் தேர்வைத் தமிழில் எழுதியவர் நேர்முகத்தையும் தமிழிலேயே கொடுக்கலாம். அங்கே மொத்தம் 2025 மார்க், அதில் நேர்முகத்துக்கு 275.

இனி என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் இன்று கேள்வி கேட்கிற நாற்காலியில் இருக்கிறோம். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 மார்க் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், அதிலும் பெற்றோர், குடியிருப்பு பற்றித்தான் கேட்டார்கள் என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்பார்கள். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேசுவதை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. மத்திய அரசு 2016 ஜனவரி முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தையே எடுத்துவிட்டது. ஆனால் தனியார் கம்பெனிகளில் நேர்முகம்தான் இன்னும் வாசல். அங்கே உட்கார்ந்திருப்பது நாம். என்னைக் கேட்டவர் கெட்டவர் இல்லை. பேச்சை வளர்க்கத்தான் கேட்டிருப்பார். ஆனாலும் நான் உட்கார்ந்த நாட்களில் அந்தக் கேள்வியை யாரையும் கேட்க விடவில்லை.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகம் நடத்தலாம் என்று முதல்வரிடம் பேசியிருக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, காலையில் மூன்று மணி நேரம். உட்கார இருபது பேர் வேண்டும். சாப்பாட்டுப் பந்தல் வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும்போது பேரை எழுதிவிட்டுப் போங்கள். வரும்போது கை ஈரமாக இருக்கும்.