எந்த ஸ்கூல்? எந்தத் தெரு?

போன எபிசோடுக்கு ஒரு அம்மா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பசங்க ராத்திரி பத்து மணிக்கு மேல வெளிய சுத்தக் கூடாதுன்னு சட்டமே போட்டா என்னன்னு கேட்டாங்க. பைக் ரேஸ், கஞ்சான்னு அவங்க பயப்படுறதுல பொய் இல்ல. ஆனா எனக்கு உடனே ஞாபகம் வந்தது வேற ஒரு ராத்திரி.

எனக்கு ஊர் திருவதிகை. பண்ருட்டிய ஒட்டி, கெடிலம் ஆத்தங்கரை. எங்க பக்கம் தெருக்கூத்து பத்து மணிக்கு மேலதான் சூடு பிடிக்கும், விடிய விடிய நடக்கும். முன்னாடி பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கிறது பெரும்பாலும் பசங்கதான்.

பதினாறு வயசுல அப்படிக் கூத்து பார்த்துட்டு, ரெண்டு மணிக்கு நானும் ஒரு கூட்டாளியும் சைக்கிள்ல திரும்பினோம். ரோந்து வண்டி மறிச்சாங்க. என்கிட்ட 'எந்த ஸ்கூல்?'னு கேட்டாங்க. அவன்கிட்ட 'எந்தத் தெரு?'ன்னு கேட்டாங்க. என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவன் விடியற வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தான். அப்போ அப்படி ஒரு சட்டம்கூட கிடையாது. இருந்திருந்தா?

சட்டம் போட்டா என்ன ஆகும்னு நம்ம மாநிலம் ஏற்கெனவே பார்த்திருக்கு. 1911 குற்றப்பரம்பரைச் சட்டத்துல உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்கணும், ராத்திரி ஸ்டேஷன்லயோ சொன்ன பொது இடத்துலயோ போய்ப் படுக்கணும். திருடினவங்க மட்டும் இல்ல, அங்க பொறந்த ஆம்பளைங்கன்னாலே. அதை எதிர்த்ததுக்குத்தான் 1920 ஏப்ரல் 3 அன்னிக்குப் பெருங்காமநல்லூர்ல துப்பாக்கிச்சூடு. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் போனது 1947ல.

இப்போ நடந்தது ஒண்ணு: 2025 ஜனவரியில தெலங்கானா உயர் நீதிமன்றம், 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களை ராத்திரி 11 மணிக்கு மேல தியேட்டருக்குள்ள விடக் கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. மார்ச்லயே அதைத் தளர்த்திட்டாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க, அங்க கட்டுப்பாடு தியேட்டர்காரங்க மேல. நம்ம நாட்டுச் சட்டம் பல இடத்துல இப்படித்தான் யோசிக்குது. மைனர் வண்டி ஓட்டினா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் வண்டி கொடுத்த பெரியவங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரைக்கும் சிறையும். பைக் ரேஸுக்குப் பயப்படுற அம்மாவுக்கு இந்தச் சட்டம் போதும், அதை அமல்படுத்தினா.

ஐஸ்லாந்தைச் சிலர் சொல்வாங்க. அங்க நிஜமாவே நேரக் கட்டுப்பாடு இருக்கு: 13 முதல் 16 வயசுக்காரங்க குளிர்காலத்துல ராத்திரி பத்து மணி, கோடையில நள்ளிரவு. பசங்க குடிக்கிறதும் வெகுவா குறைஞ்சுது. ஆனா கூடவே, விளையாட்டு, இசை கத்துக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெய்க்யாவிக் நகராட்சி பணம் கொடுக்குது. எங்க தெருப் பசங்களுக்கு ஆறு மணிக்கு மேல இருக்கிறது டீக்கடை வாசல்தான்.

அந்தக் கூட்டாளி இப்போ பலாப்பழ லோடு வண்டி ஓட்டுறான். அவன் அக்கா பையனுக்கு வயசு பதினஞ்சு. வீட்டுல அவன் போட்ட ரூல், ஒன்பதரைக்குள்ள உள்ள வந்துடணும். சட்டமா வந்தா உனக்கு ஓகேவாடான்னு கேட்டேன். சிரிச்சான், பதில் சொல்லல. அடுத்த கூத்துக்கு அந்தப் பையனைக் கூட்டிட்டுப் போறானாம். நானும் வரேன்னு சொல்லியிருக்கேன்.