சைக்கிளோட்டமும் ஊணும் உறக்கமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



துவிச்சக்கர வண்டியோட்டத்திற் பயிலும் இளைஞர்கள் எத்தனை கிலோமீற்றர் ஓடினார்களென்று மகிழ்ச்சியோடு சொல்வார்கள். ஓடி வந்தபின் என்ன உண்டார்களென்று சொல்வாரில்லை. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தோம். விடியற்புறத்திற் பால் விடாத தேநீர் குடித்துவிட்டு 50 கிலோமீற்றர் ஓடுவோம். திரும்பியதும் பசியில்லையென்று மத்தியானம்வரை படுத்திருப்போம். மூன்றாம் நாள் கால்கள் மரக்கட்டையாயின. பயிற்சி போதாதென்றெண்ணி நாலாம் நாள் இன்னும் 10 கிலோமீற்றர் கூட்டினோம்! வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட மறக்காத நாம் வயிற்றை மறந்தோம்.

சோற்றிலுள்ள மாப்பொருள் தசைகளிலே கிளைக்கோசன் என்னும் சேமிப்பாகத் தங்குகிறது. நெடுநேரம் கடுமையாக மிதித்தால் அது தீர்ந்துபோகும். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களான பேர்க்ஸ்றம், ஹல்ற்மன் இருவரும் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒரே வண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், களைத்து ஓயும்வரை மிதித்தார்கள். பின்பு மூன்று நாள் மாப்பொருள் மிகுந்த உணவை உண்டு, தம் தொடைத் தசையிற் சிறு துணுக்குகளை ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். சும்மாயிருந்த காலிலும் பார்க்க உழைத்த காலிற் சேமிப்பு ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. உண்ட வாய் ஒன்றே. வாங்கிக்கொண்டது உழைத்த கால்!

அன்று மாலையோ மறுநாட் காலையோ மீண்டும் ஓடவேண்டியவர் வண்டியால் இறங்கிய முதல் மணி நேரத்துள் உண்ணவேண்டும். 60 கிலோ நிறையுள்ளவருக்கு அவ்வேளைக்கு மாப்பொருள் 60 கிராமளவு வேண்டும். ஏறக்குறைய 220 கிராம் சோற்றில் அது கிடைக்கும். தசையைச் செப்பனிடப் புரதம் 20 கிராமளவு வேண்டும். அவித்த பயறு ஒரு கோப்பையும் பால் ஒரு தம்ளரும் அதைத் தரும். மச்சம் புசிப்போருக்கு மீனும் முட்டையும் உண்டு. பேணியில் அடைத்த விலையுயர்ந்த மாவை நாடி இளைஞர் பணத்தை இறைப்பது எமக்கு உடன்பாடன்று.

இளநீர் நன்றே, ஆனால் வியர்வையோடு கழியும் உப்பை ஈடுசெய்ய அது போதாது. உப்பிட்ட மோரும் கறியும் சேரட்டும். வெறுந்தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீது.

விரத நாளிற் கடும் பயிற்சி வேண்டாம். அன்று வண்டியைத் துடைத்து வைக்கலாம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காலை பத்து மணிக்கு மகன் இரண்டாந்தரம் சோறு கேட்டால் "பெருந்தீனிக்காரன்" என்று நகையாதீர்கள். இரவில் எட்டு மணி நேரம் உறங்கினாற் சோம்பேறியென்றும் சொல்லாதீர்கள். செப்பனிடும் வேலை அப்போதும் நடக்கிறது.

இளைஞர்கள் நாளை முதல் ஒரு கொப்பி வைத்து, ஓடிய தூரத்துக்குப் பக்கத்தில் உண்டதையும் உறங்கிய மணியையும் எழுதிவருவார்களாக. ஒரு மாதங் கழித்து அக்கொப்பிகளோடு மீண்டும் கூடுவோம்.