மூட்டுவாதக் குழந்தைகளும் செவிலியர் தொண்டும்

(கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மூட்டுவாதம் முதியோர்க்கே உரியது என்று நாம் எண்ணிவருகிறோம். காலையில் எழுந்ததும் குழந்தை நொண்டினால், எங்கோ விழுந்திருக்கும் என்று எண்ணெய் தடவுகிறோம்; பள்ளி செல்லச் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். 16 வயதுக்குள் தோன்றி, 6 வாரமாகியும் வடியாத மூட்டு வீக்கம் இளம்பருவ மூட்டுவாதமாக இருக்கலாம். காலம் தாழ்த்தினால் மூட்டே கெட்டுவிடும்.

பிரிட்டனில் இந்நோய்க்கெனத் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் உள்ளனர். மருத்துவர் எழுதித் தரும் மருந்து வீட்டில் முறையாகச் சேர வழிசெய்பவர் இவர்களே. ஊசி போடத் தாய்க்குக் கற்பிக்கின்றனர். இரத்தப் பரிசோதனையை நினைவூட்டுகின்றனர். பள்ளிக்கும் நோயின் தன்மையை விளக்குகின்றனர்.

இந்நோய்க்குப் பெரிதும் வழங்கும் மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கொடுக்கத்தக்கது. தவறி நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைத் தாயின் வாயாலேயே சொல்லக் கேட்டறிதல் வேண்டும். மேலும், வலியும் சிவப்பும் இன்றியே கண்ணில் அழற்சி உண்டாகிப் பார்வையைக் கெடுக்கக்கூடும். கண் பரிசோதனைத் தவணை தவறலாகாது.

அத்தகைய தனிச் செவிலியர் நம் சிற்றூர்தோறும் வரும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. வீடுதோறும் செல்பவர்கள் நீங்கள். காலையில் நொண்டும் குழந்தையைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள். சற்றே குணம் கண்டதும் மருந்தை நிறுத்தும் பெற்றோருக்கு எடுத்துரையுங்கள். ஊராட்சியும் பள்ளியும் உங்களுக்குத் துணை நிற்க நாம் ஆவன செய்வோம். முடங்கவிருந்த குழந்தை ஓடி விளையாடுவதினும் சிறந்த கிராம முன்னேற்றம் வேறு யாது?