கோழிக்கு முன்னே வேலி

(தம்புள்ளையில், மீளக்குடியேறும் குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை வைத்தியர் இல்லை. கலைப்பட்டதாரி. நிறுவனத்தில் துண்டுப்பிரசுரம் எழுதுவதும் படம் எடுப்பதும்தான் என் வேலை. ஆனால் கோழி கொடுத்த நாளில் ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனவளும் நான்தான். மூன்று கிழமை கழித்து அங்கே வெறுங்கூட்டைப் பார்த்தவளும் நான்தான். அதனால்தான் இன்று பேச வந்தேன்.

அந்த அம்மாவுக்குப் பத்துப் பேடுகளும் ஒரு சேவலும் கொடுத்திருந்தோம். ஒரே இரவில் ஏழு செத்துக் கிடந்தன. தின்னப்பட்டது ஒன்றுதான், மற்றவை கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. மரநாயின் வேலை. மிஞ்சிய நான்கையும் அவர் மறுநாளே விற்றுவிட்டார். "இனி இதுகளுக்குக் காவல் இருக்க என்னால ஏலாது, பிள்ளை" என்றார். பிழை அவரிடம் இல்லை. கோழியைக் கொடுத்த நாங்கள் கம்பி வலையைக் கொடுக்கவில்லை. இப்போது ஒழுங்கை மாற்றியிருக்கிறோம்: முதலில் கூடு, அடுத்து வேலி, கடைசியாகத்தான் கோழி. நீங்கள் சொந்தக் காசில் வாங்கினாலும் இதே ஒழுங்கில் செய்யுங்கள்.

நாம் இல்லாத காலத்தில் நம் வளவு சும்மா கிடக்கவில்லை. பற்றை வளர்ந்தது, புற்று எழும்பியது, இடிந்த சுவருக்குள் கீரி குடியேறியது. அவற்றுக்கு நாம்தான் புது ஆட்கள். ஆகவே வேலிக்கு முதல் வேலை கத்தியும் மண்வெட்டியும்தான். கூட்டைச் சுற்றிப் பத்து அடிக்குப் பற்றையை வெட்டி வெளியாக்குங்கள். மறைவிடம் இல்லாத வெளியைக் கடந்து வர கீரியும் பாம்பும் தயங்கும். கூட்டின் மேல் சாயும் கிளையையும் வெட்டுங்கள்.

வடக்கிலோ கிழக்கிலோ உள்ள காணிக்குத் திரும்புகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் பற்றை வெட்டவோ கம்பு நடக் குழி தோண்டவோ வேண்டாம். முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

அடுத்து, வருவது யார் என்று அறியவேண்டும். பகலில் வருபவை கீரி, உடும்பு, பருந்து, வல்லூறு. குஞ்சுக்குக் காகமும் எமன்தான். இரவில் மரநாய், காட்டுப்பூனை, பாம்பு. நரி அந்தியிலும் விடியலிலும் வரும். ஊர் நாய்க்கு நேரமே இல்லை. முட்டை கோதும் இல்லாமல் மறைந்தால் பெரும்பாலும் பாம்பு அல்லது உடும்பு. உடைந்த கோது கிடந்தால் கீரியைச் சந்தேகியுங்கள். இறகு ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் பருந்து வகை. கோழியே காணாமல் இறகு வழிநெடுகச் சிந்தியிருந்தால் நாயோ நரியோ.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். பகலுக்கு ஒரு காவல், இரவுக்கு வேறொரு காவல். ஆறடி வேலியையும் மரநாய் ஏறிவிடும். ஆகவே வேலி பகலுக்கு, இரவுக்குக் கூடுதான். காசு குறைவென்றால் கூட்டையே முதலில் பலப்படுத்துங்கள்.

பத்து ஊர்க்கோழிக்கு இரவில் படுக்க நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரக் கூடு போதும். நான்கு கால்களில், நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலிலும் ஒன்றரை அடிக்கு வழுவழுப்பான தகரத்தைச் சுற்றி ஆணி அடியுங்கள். எலியும் பாம்பும் ஏறுவது கடினமாகும். அடித்தளச் சட்டங்களுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம்; எச்சம் கீழே விழும், எதுவும் உள்ளே வராது. நான்கு பக்கமும் அரை அங்குலக் கண் உள்ள, பற்றுவைத்த கம்பி வலை. சுற்றளவு 14 அடிதான். விலை கூடிய வலை இந்த 14 அடிக்கு மட்டுமே தேவை. இந்த வெக்கைக்குக் காற்றோட்டமும் வேண்டும் என்பதால் பலகையை விட வலையே நல்லது. கூரைக்குக் கிடுகு குளிர்ச்சி; ஆனால் மரநாய் கிடுகைப் பிரித்து இறங்கும். அதன் கீழே தகரமோ வலையோ இருக்கட்டும். கதவுக்கு ஒரு கொளுக்கி போதாது; மேலே ஒன்று, கீழே ஒன்று போடுங்கள். வலையைக் கயிற்றால் கட்டாமல் யூ ஆணியால் அடியுங்கள்.

இனிப் பகல் வேலி. 12 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்தால் சுற்றளவு 44 அடி. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கம்பு, மூலைக்கு ஒன்று, வாசலுக்கு இன்னொன்று: ஒன்பது கம்பு. எட்டடிக் கம்பை இரண்டடி ஆழத்தில் இறக்குங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது இடையிடையே கிளிரிசீடியாக் கதியாலை ஊன்றிவிடுங்கள். காய்ந்த கம்பு உக்கும் நாளில் உயிர்க்கம்பு கைகொடுக்கும்.

வலையை எப்படி வைப்பது என்பதுதான் முக்கியம். ஒரு அங்குலக் கண், மூன்றடி அகலக் கோழி வலையை வாங்கி, இரண்டடியை நேராக நிறுத்துங்கள். மீதி ஓரடியை வேலிக்கு வெளிப்புறமாக, நிலத்தோடு படிய மடித்து, கல்லையும் மண்ணையும் ஏற்றுங்கள். நாயும் நரியும் வேலியின் அடியில்தான் தோண்டும். காலுக்குக் கீழே கம்பி தட்டுப்படும். ஓரடி பின்னால் போய்த் தோண்ட அவற்றுக்குத் தோன்றாது. புல் முளைத்ததும் அந்த வலை மண்ணோடு பிணைந்துவிடும். மூலையில் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும் என்பதால் 48 அடி வாங்குங்கள். இரண்டு அங்குலக் கண் மலிவுதான்; ஆனால் அதற்குள்ளால் கீரி நுழையும், குஞ்சு வெளியே போகும்.

இரண்டடிக்கு மேல் கம்பி தேவையில்லை. பிளந்த மூங்கிலோ நெருக்கமாகக் கட்டிய தடியோ போதும். மேலே பருந்துக்கு மறைப்பாகப் பழைய மீன்வலை நல்லது. கண்டலமைக் குளம் போன்ற குளங்களில் மீன் பிடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதை இறுக்கிக் கட்டுங்கள். நிலத்தில் தொங்கவிட்டால் பாம்பு சிக்கும், அதை எடுக்கப்போகும் பிள்ளைக்கு ஆபத்து. பொருளாதார மத்திய நிலையத்தில் கிடைக்கும் வெங்காயப் பைகளைத் தைத்தும் கட்டலாம். ஆனால் வெயிலில் சீக்கிரம் பொடியாகிவிடும். மாற்றுவதற்கு இலகுவான இடத்தில் மட்டும் போடுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள். கட்டுத்துவக்கு, வாய்வெடி, நஞ்சு வைத்த இறைச்சி எதுவும் வேண்டாம். இவை சட்டவிரோதம், அதைவிட, விடியற்காலையில் கிணற்றடிக்குப் போகிற உங்கள் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டு மாட்டுக்கோ அது மரநாயா மனிதனா என்று கம்பிக்குத் தெரியாது. உடும்பைக் கொல்வதும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். நெல்லையோ சோளத்தையோ கூட்டோடு சேர்த்து வைக்காதீர்கள். இது யானை நடமாடும் பூமி. நமது வேலி யானைக்கு வேலி அல்ல.

வேலி நோயையும் தடுக்காது. புதுக் கோழியை இரண்டு கிழமை தனியாக வையுங்கள். தடுப்பூசிக்கு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தைக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். மம்மல் பொழுதில் ஒருவர் கோழியை எண்ணிக் கூட்டை மூடவேண்டும். அது யார் என்று இன்றைக்கே வீட்டில் பேசி முடிவெடுங்கள். கிழமைக்கு ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து, கை நுழையும் இடம் எல்லாவற்றையும் அடையுங்கள்.

அந்த அம்மா இப்போது திரும்பவும் வளர்க்கிறார். நாலு பேடுகள்தான். கூட்டை அவரும் மகனும் இரண்டு நாளில் செய்தார்கள். போன தடவை நான் போனபோது படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லி, கையில் இரண்டு முட்டை தந்தார்.

உங்கள் வளவின் அளவைக் கொண்டு வாருங்கள். எத்தனை அடி வலை வேண்டும் என்று இங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.